ஐப்பசியில் தோண்டிய எர்த் குழி

கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைப் புறங்கையால் மெல்லத் தடவினால், தோலுக்கும் இரும்புக்கும் நடுவே பொடிமணலைப் பரப்பியதுபோல ஒரு நெருடல் ஓடும். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று தடவினால் அந்த நெருடல் முழங்கை வரை ஏறும். செருப்பு மாட்டிக்கொண்டு தடவினால் ஒன்றுமே இருக்காது. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, கணினி என்ற பொருளின் குணமே அதுதான் என்று தோன்றியது. "எங்க கம்ப்யூட்டர் சுர்ருங்கும்" என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அதைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே இரண்டு தோழிகள் ஒரு சனிக்கிழமை சைக்கிளில் வந்து போனார்கள்.

குத்துக்கல்வலசையில் அப்போதுதான் வயல்களும் பொட்டல்களும் மனைகளாகிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவின் கடைசி வீடு எங்களுடையது. மின்கம்பி வந்து முடிவதும் எங்கள் வீட்டோடுதான். அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்தில் இரண்டு முறை விடுப்பில் வருவார். அப்படி வந்த ஒரு முறைதான் தென்காசியிலிருந்து ஆட்டோவில் அந்தக் கணினியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். கல்யாணத்துக்கு முன்பே அம்மா தட்டச்சில் ஹையர் முடித்திருந்தாள். தமிழும் ஆங்கிலமும் விசைகளைப் பார்க்காமலே அடிப்பாள். நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியை அதைக் கேள்விப்பட்டு, பரீட்சை வினாத்தாள்களைத் தட்டச்சு செய்யும் வேலையை அம்மாவுக்குக் கொடுத்திருந்தார். அதுவரை தெருவில் "மிலிட்டரிக்காரர் வீட்டுக்காரம்மா" என்று அறியப்பட்டிருந்தவள், ஒரே வருஷத்தில் "கொஸ்டின் பேப்பர் அக்கா" ஆகிவிட்டாள்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. நான் எழுதப்போகும் பரீட்சையின் கேள்விகள் எங்கள் வீட்டு அறைக்குள்ளேயே அச்சாகிக்கொண்டிருக்கும்; எனக்கு மட்டும் அங்கே அனுமதி கிடையாது. அம்மா கதவைத் தாழிட்டுக்கொள்வாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாசற்படியில் வைத்துவிட்டு நான் விலகிய பிறகுதான் கதவு திறக்கும். அவள் அடிக்கும் வேகத்தைக் கொண்டு அது தமிழா ஆங்கிலமா என்று ஊகிக்க முடியுமே தவிர, அதற்கு மேல் ஒன்றும் தேறாது. அந்த விஷயத்தில் அவள் என் அம்மாவே இல்லை.

அந்த வருஷங்களில் மின்வெட்டுதான் எங்கள் நாளுக்கு நேர அட்டவணை. இரண்டு மணி நேரம் இருக்கும், இரண்டு மணி நேரம் போகும். மாவரைப்பது, தண்ணீர் ஏற்றுவது, துணி தேய்ப்பது எல்லாம் அதைப் பார்த்துத்தான். அதையாவது பழகிக்கொண்டோம். பழக முடியாதது, இருக்கும்போது அது ஆடிய ஆட்டம். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கு போட்டதும் எங்கள் கடைசி வீட்டில் பல்பு "டிம்மா" மஞ்சளாகிவிடும்; மின்விசிறியின் இலைகளை எண்ணிவிடலாம். ஆனியிலிருந்து ஆவணி வரை, குற்றாலத்தில் சாரல் அடித்து அருவிகளில் கூட்டம் அலைமோதும் மாதங்களில், மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கித் தென்னைகளைப் பிடித்து உலுக்கும். அப்போது மின்சாரம் போகும், வரும், வந்த வேகத்தில் மறுபடி போகும். கணினி ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு விழித்து, மறுபடி செத்துப்போகும். அம்மா ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சேமித்துவைத்துத்தான் வேலை செய்தாள்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல காற்று. தெருமுனையில் சடசடவென்று ஏதோ முறிந்து விழுந்தது. உடனே தலைக்கு மேலிருந்த பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளைக்கும், வெள்ளையிலிருந்து கண் கூசும் நீலத்துக்கும் ஏறியது. மின்விசிறி அதுவரை நான் கேட்டிராத வேகத்தில் ஊளையிட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் "டப்" என்று ஒரு சத்தம். அம்மா எதையோ பிடுங்கி எறிவது கேட்டது. பிறகு கதவிடுக்கின் வழியாக ரப்பரும் மீனும் சேர்ந்து கருகியதுபோல ஒரு நாற்றம் வந்தது.

கதவு திறந்தது. பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்தக் கதவு எனக்காகத் திறந்தது அதுதான் முதல் தடவை. அம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "இனி வந்து பாரு. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

தென்னை மட்டை விழுந்து தெருக்கம்பிகளில் நியூட்ரல் கம்பி அறுந்துபோயிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஆட்கள் வந்து சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் எங்கள் வரிசையில் மூன்று தொலைக்காட்சிகளும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் எங்கள் கணினியும் போயிருந்தன. மறுநாள் அம்மா கணினிப் பெட்டியைப் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி, பேருந்தில் தென்காசிக்குத் தூக்கிப்போனாள். நானும் கூடப் போனேன். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பீர்முகமது அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டார். மின்சாரம் வாங்கிக் கொடுக்கும் பகுதி கருகியிருந்தது. கூடவே எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் ஹார்ட் டிஸ்க் தட்டும் போயிருந்தது. காலாண்டுப் பரீட்சைக்காக அம்மா அடித்து முடித்திருந்த இருபத்தேழு தாள்களும் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடையிலிருந்து இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மாணவர்கள் வந்துபோகும் பிரவுசிங் சென்டரில் வைத்து வினாத்தாள் அடிக்க முடியாது. எனவே பள்ளி அலுவலகத்துக் கணினியில், பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்து அடிக்கத் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கினாள். ஆறு நாள், மாலை நாலரை மணியிலிருந்து காவலாளி கதவைப் பூட்டும்வரை அடித்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் கடைசித் தாளைக் கொடுத்துவிட்டாள். அன்று வராந்தாவில் அவளுக்காகக் காத்திருந்த எனக்குத் தலைமையாசிரியையின் குரல் கேட்டது.

"அரையாண்டுக்கு டவுன்ல ஒரு பிரஸ்ல குடுத்திரலாமான்னு யோசிக்கேன் கோமதி. ஒன் மேல தப்பில்ல. ஆனா கரண்டு போச்சுன்னு பரீட்சையத் தள்ளிவைக்க முடியாதுல்லா."

பிறகு அம்மா சொன்னாள்: "அரையாண்டும் நானே தாரேன் டீச்சர். ஒரு தாள் கொறைஞ்சாலும் அதுக்குப் பொறவு எனக்குத் தர வேண்டாம்."

மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். பீர்முகமது தன்னிடமிருந்த பழைய மல்டிமீட்டர் ஒன்றை அவளிடம் கொடுத்து, சுவர் பிளக்கில் அதைச் செருகி மின்னழுத்தத்தைப் படிக்கும் விதத்தைக் காட்டியிருந்தார். காலை ஐந்து, மதியம் ஒன்று, மாலை ஏழு என்று மூன்று வேளையும் அம்மா படிப்பாள், நான் எழுதுவேன். மாலையில் நூற்றறுபதைத் தொடவே திணறும் முள், விடிகாலையில் ஊரே அடங்கிக் கிடக்கும்போது இருநூற்று ஐம்பத்தைந்துக்கு ஏறி நிற்கும். என்ன வருகிறது என்று தெரியாமல் எதை வாங்கி வைப்பது என்பது அவள் வாதம். மூன்று வாரம் எழுதிய அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த பீர்முகமது, இத்தனை ஒழுங்காக யாரும் தன்னிடம் வந்ததில்லை என்றார்.

கணினியை அவர் உயிர்ப்பித்துக் கொடுத்தார். புதிய தட்டு போட்டாயிற்று. கூடவே மூன்று சாமான்கள் வேண்டும் என்றார். ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து, அளவு மீறி ஏறினால் தானே துண்டித்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர் ஒன்று. மின்சாரம் போனால் பதினைந்து நிமிஷம் தாக்குப்பிடிக்கும் யூ.பி.எஸ். ஒன்று, திடீரென்று பாயும் உதையை வாங்கிப் பூமிக்குள் தள்ளிவிடும் ஸ்பைக் பஸ்டர் ஒன்று. பூமிக்குள் தள்ளுவதென்றால் வீட்டில் எர்த் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அது இருக்கு. எங்க அத்தான் முன்னால நின்னு கட்டுன வீடு" என்றாள் அம்மா.

அத்தான் என்று அவள் சொன்னது என் பெரியப்பாவை. போலீஸில் ஏட்டாக இருந்தவர். அப்பா எல்லையில் இருந்தபோது, அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து வெள்ளையடித்தது வரை அந்த வீட்டைக் கட்டி நிமிர்த்தியது அவர்தான்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். எங்கள் கணினியைத் தொட்டால் சுர்ருங்கும் என்று, வழக்கமான பெருமையோடு பீர்முகமதுவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எக்கா, அப்படின்னா எர்த் இல்ல" என்றார். "எதுக்கும் ஒரு வயர்மேன வச்சுப் பாத்திருங்க. எர்த் இல்லாம இந்த மூணையும் மாட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

எங்கள் தெருவிலேயே இருந்த வயர்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி வந்து, மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் பச்சைக் கம்பி ஒழுங்காகத்தான் இருந்தது. எல்லாப் பச்சைக் கம்பிகளும் மீட்டர் பலகைக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து ஒரே கம்பியாகச் சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது. வெளிச்சுவரில் அந்த இடத்துப் பூச்சைக் கொத்திப் பார்த்தபோது, ஒரு விரல் நீளத்தோடு கம்பி வெட்டப்பட்டு, அதன் மேல் சிமெண்டு பூசப்பட்டிருந்தது. பூமிக்குள் எதுவும் போகவில்லை. குழியே தோண்டப்படவில்லை.

சுடலைமுத்து அண்ணாச்சி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "ஏட்டையாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை மூடினார்.

அம்மா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா தொலைபேசியில் அழைத்தபோது, எர்த் போடப்போவதாக மட்டும் சொன்னாள். அண்ணன் அதைப் போட்டாயிற்று என்று எழுதியிருந்தாரே என்று அப்பா கேட்டிருக்க வேண்டும். "போட்டது பத்தல. இன்னொண்ணு போடுதேன்" என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும் என்றாள். ராணுவத்தில் இருக்கும் மனிதர் தன் அண்ணன்மேல் வைத்த நம்பிக்கையை இங்கிருந்து தொலைபேசியில் உடைக்க அவளுக்கு மனமில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

எனக்கு அன்று புரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியப்பாவின் மகள் உமா என் வகுப்பில்தான் படித்தாள். பள்ளிப் பேருந்தில் ஏதோ ஜன்னலோர இருக்கைக்காக வந்த சண்டையில், "ஒங்க வீட்டையே எங்கப்பாதான கட்டிக் குடுத்தாரு" என்று அவள் சொல்ல, "எர்த் கூடப் போடாம ஏமாத்தித்தான கட்டுனாரு" என்று நான் திருப்பிச் சொன்னேன். பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அது ஐப்பசி மாதம். பிசானப் பருவ நெல் நடவு தொடங்கியிருந்ததால் மண்வெட்டி பிடிக்கும் ஆட்கள் எல்லோரும் வயலில் இருந்தார்கள். இரண்டு பேரிடம் சொல்லிப்பார்த்து, நடவு முடிந்த பிறகு வருவதாக அவர்கள் சொன்னதும், அம்மா காத்திருப்பதை விட்டுவிட்டாள். அரையாண்டுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. சனிக்கிழமை காலை சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, சேலையைத் தூக்கிச் செருகி, கடப்பாரையை எடுத்தாள். சுடலைமுத்து அண்ணாச்சி ஆறடி ஆழம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

முதலில் வீட்டின் கிழக்குப் பக்கம் தோண்டினாள். இரண்டடியில் பாறை. எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று மண்ணுக்குள் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதை மூடிவிட்டு, சுற்றுச்சுவர் மூலையில் தோண்டினாள். மூன்றடியில் மறுபடி பாறை. கடப்பாரை பட்ட இடத்தில் தீப்பொறி பறந்தது. நான் மண்ணைச் சட்டியில் அள்ளி அள்ளிக் கொட்டினேன். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து கையைக் கழுவியபோது அவள் உள்ளங்கைகளில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். தட்டச்சுக்கு வேண்டிய விரல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அசைத்துப் பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டாள். நாளைக்குத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தோண்டலாம், தண்ணீர் போய்ப்போய் மண் இளகியிருக்கும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தபோது பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. பின்னால் உமா இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே நான் கையிலிருந்த மண்சட்டியைக் கீழே வைத்தேன். பெரியப்பா ஓய்வுபெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வெள்ளைவேட்டி கட்டியிருந்தாலும் காக்கிக்குள் இருப்பவர்போலத்தான் நடப்பார். குழிக்கு நாலடி தள்ளி வந்து நின்றார்.

"ஊரெல்லாம் சொல்லுதியளாமே, நான் எர்த் போடாம ஏமாத்திட்டேன்னு" என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

"நான் ஒங்க தம்பிகிட்டகூடச் சொல்லல அத்தான்" என்றாள். "வந்து ஒரு எட்டு பாருங்க."

மண் அப்பிய காலோடு குழியிலிருந்து ஏறி வந்து, கொத்திப்போட்ட சுவரை அவருக்குக் காட்டினாள். வெட்டுப்பட்ட பச்சைக்கம்பி நுனி மழையில் நனைந்திருந்தது. பெரியப்பா குனிந்து அதை விரலால் தொட்டார். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார். எங்கள் வீட்டு வயரிங் நடந்த வாரத்தில் குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது என்றும், அருவிக்கரையில் பந்தோபஸ்து வேலையில் பகல் முழுவதும் நின்றுவிட்டு, மாலையில் வந்து வேலையைப் பார்த்துப்போனார் என்றும் அம்மா பிறகு சொன்னாள். அவர் அதையெல்லாம் அன்று சொல்லவில்லை.

"குழி மூடியாச்சுன்னு அப்ப வேல பாத்த வயர்மேன் சொன்னான். சரின்னுட்டேன்" என்றார். "நான் பாத்திருக்கணும் தாயி. பாக்கல."

பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அம்மா தடுத்தாள். அவர் காதில் வாங்கவில்லை. நான்கரை அடியில் அங்கேயும் கல் வந்தது. ஆனால் அது பாறை இல்லை, தனிக்கல். அவரும் அம்மாவும் அதன் இருபுறமும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி நெம்பி, மதியச் சாப்பாட்டையும் தள்ளிவைத்து, மூன்று மணிக்கு அதை வெளியே உருட்டிவிட்டார்கள். மழை இடையிடையே வந்து குழிக்குள் தண்ணீர் தேங்கியது. உமாவும் நானும் சட்டியால் முகந்து இறைத்தோம். ஒரு சட்டிக்கும் அடுத்த சட்டிக்கும் நடுவில், எதுவும் பேசாமலே எங்கள் சண்டையும் முடிந்துபோனது.

ஆறடி ஆனதும் சுடலைமுத்து அண்ணாச்சி வந்து இரும்புக் குழாயை நட்டார். ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு என்று நிரப்பினோம். தேய்ப்புக்கடையில் வாங்கிவந்த கரி எங்கள் நால்வர் கையையும் முகத்தையும் கறுப்பாக்கியிருந்தது. மேலே தண்ணீர் ஊற்றி, தடித்த கம்பியைக் குழாயில் முடுக்கிச் சுவர் வழியாக உள்ளே இணைத்தார். சோதனைக்காக ஒரு குண்டு பல்பின் ஒரு கம்பியை மின்சாரத்திலும் மறு கம்பியை எர்த்திலும் வைத்தார். பல்பு நல்ல வெளிச்சமாக எரிந்தது. பெரியப்பா அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவர்கள் போன பிறகு, அம்மா என்னைக் கூப்பிட்டாள். "எர்த் போடலன்னு நீ சொன்னதுல பொய்யில்ல ஏட்டி. ஏமாத்தினாருன்னு சொன்னியே, அந்த ஒரு வார்த்தை பொய். அத மொதல்ல சரிபண்ணு" என்றாள். மறுநாள் பள்ளிப் பேருந்தில், அதே பிள்ளைகள் கேட்கும்படி, எங்கள் பெரியப்பா ஏமாற்றவில்லை, வயர்மேன்தான் ஏமாற்றினான், பெரியப்பா வந்து குழி தோண்டிக் கொடுத்தார் என்று எழுந்து நின்று சொன்னேன். காது மடல் வரை சூடாகிவிட்டது. இருந்தாலும் சொல்லி முடித்தேன்.

அந்த வயர்மேன் அதற்குள் வேலை தேடிக் கேரளாவுக்குப் போய்விட்டிருந்தான். ஆனால் பெரியப்பாவுக்கு வேறொரு கணக்கு இருந்தது. நல்ல வேலைக்காரன் என்று நம்பி அவனை இன்னும் பதினொரு வீடுகளுக்கு அவரே சிபாரிசு செய்திருந்தார். குத்துக்கல்வலசையில் ஏழு, அச்சன்புதூர் பக்கம் நான்கு. சுடலைமுத்து அண்ணாச்சியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு வாரம் அந்தப் பதினொரு வீடுகளுக்கும் போனார். வாசலில் நின்று, நான் சொல்லித்தான் அவனை வைத்தீர்கள், உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னார். எட்டு வீடுகளில் இல்லை. இரண்டு வீடுகளில் குளியலறைக் குழாயைத் தொட்டால் "வெடுக்குங்குது" என்று பெண்கள் பல நாளாகச் சொல்லியும் யாரும் கவனிக்காமல் இருந்திருக்கிறார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், இவரும் அவனோடு கூட்டு என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். நாற்பது வருஷம் அதிகாரத்தோடு பேசிப் பழகிய மனிதர், அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, குழிக்கு எங்கே இடம் என்று மட்டும் கேட்டாராம். சுடலைமுத்து அண்ணாச்சிதான் அம்மாவிடம் வந்து சொன்னார்.

அம்மா தன் பக்கத்தை இறுக்கினாள். ஸ்டெபிலைசர், யூ.பி.எஸ்., ஸ்பைக் பஸ்டர் மூன்றும் வந்தன. இடி இடித்தால் யார் வீட்டில் இருந்தாலும் முதலில் ஓடிப்போய்க் கணினியின் பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் உருவ வேண்டும். அதன் பிறகுதான் கொடியில் கிடக்கும் துணி. முடித்த ஒவ்வொரு தாளையும் சி.டி. தகட்டில் பதித்து, உறையிட்டு ஒட்டி, அன்றன்றே தலைமையாசிரியையின் பீரோவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கதவு மறுபடி எனக்குச் சாத்தப்பட்டது. நான் குறை சொல்லவில்லை.

அரையாண்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மழைக்காற்று அடித்த ஒரு சாயங்காலம், நான் கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு ஏறியது. அதே வெள்ளை, அதைத் தொடர்ந்து அதே நீலம். நான் எழுந்து நின்றுவிட்டேன். கூடத்து பல்பு வெடித்துச் சில்லுகள் தரையில் சிதறின. மூடிய கதவுக்குப் பின்னால் "டொக்" என்று ஸ்டெபிலைசர் துண்டித்துக்கொள்ளும் சத்தம். அதைத் தொடர்ந்து யூ.பி.எஸ். கூவத் தொடங்கியது. நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். கதவருகே போய், "எம்மா" என்று கூப்பிட்டேன்.

உள்ளே தட்டச்சுச் சத்தம் நிற்கவில்லை. யூ.பி.எஸ். கூவிக்கொண்டே இருக்க, அம்மாவின் விரல்கள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அடித்துக்கொண்டிருந்த பாடம் தமிழ் என்று அந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்தது. சில நிமிஷம் கழித்து நின்றது. தகடு சுழலும் சத்தம் கேட்டது. பிறகு யூ.பி.எஸ். அடங்கியது. கதவு திறந்து, உறையை மாரோடு அணைத்தபடி அம்மா வந்தாள். டார்ச் வெளிச்சத்தில் அவள் முகத்தில் வேர்வை மின்னியது.

"கடைசித் தாள். முடிஞ்சுட்டு" என்றாள்.

மறுநாள் மின்சாரம் சரியான பிறகு, அவள் சுவிட்சைப் போடும் வரை நானும் பக்கத்திலேயே நின்றேன். கணினி வழக்கம்போல ஒரு முறை கூவி எழுந்தது. பக்கத்து வீட்டில் அந்த வருஷம் இரண்டாவது முறையாகத் தொலைக்காட்சி போயிருந்தது. அந்த வீட்டுக்காரர் அன்றே வந்து அம்மாவின் மின்னழுத்தக் கணக்கு நோட்டை இரவல் வாங்கிப்போனார். தலைமையாசிரியை பிரஸ் பற்றி அதன் பிறகு பேசவில்லை. நான் அந்தப் பள்ளியை விட்டுப்போய் வெகுகாலம் ஆன பின்னும் வினாத்தாள் வேலை அம்மாவிடமே இருந்தது. தை மாதம் விடுப்பில் வந்த அப்பாவிடம், பெரியப்பாவே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்.

இப்போது நான் அதே வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். மடிக்கணினி, மின்சாரம் போனால் அதற்குத் தெரிவதுகூட இல்லை. அபூர்வமாகத்தான் போகிறது. மின்சாரம் வந்ததும் தெருப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தும் "கரண்டு வந்துட்டு" என்ற கூச்சலைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. இன்றைய பிள்ளைகளுக்கு அப்படிக் கத்த ஒரு காரணமே இல்லை. அந்தக் கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பள்ளியில் வினாத்தாள்களை இப்போது ஆசிரியர்களே கைப்பேசியில் தயாரித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீடும் கடைசி வீடாக இல்லை. பின்னால் நான்கு தெருக்கள் முளைத்துவிட்டன.

பெரியப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் வாசலில் நின்ற பதினொரு வீடுகளில் ஐந்தை இடித்து மாடிவீடுகளாகக் கட்டிவிட்டார்கள், மூன்று கைமாறிவிட்டன. இப்போது அங்கே குடியிருப்பவர்களுக்கு, ஒரு மனிதர் தன் தவற்றைச் சொல்லிக்கொண்டு இந்தப் படியில் வந்து நின்றார் என்பது தெரியாது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உமாவும் நானும் அந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவோம்.